திரை இருண்ட பிற்பகல்

தொண்ணூறுகளின் கடைசியில், டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் ஒரே கணினிதான். அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்துக்கொண்டே அக்கா எழுதிய ஆய்வேடு அதில்தான் இருந்தது. மறுநாள் ஒப்படைக்க வேண்டும்.

திரையில் படம் காட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டு பழுதாகிக்கொண்டிருந்ததால் புதியதை மாட்டினேன். கணினியை இயக்கும் லினக்ஸ் கெர்னலை நானே கம்பைல் செய்து உருவாக்கியிருந்தேன்; புதிய கார்டை அது அடையாளம் காண்பதற்கான டிரைவரையும் அதில் போட்டேன். கணினியை மறுபடி இயக்கியதும் திரை இருண்டுவிட்டது. பழைய கார்டைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். அது செத்தே போயிருந்தது. புதியதையே மீண்டும் மாட்டினேன்.

"என்னடா ஆச்சு? நாளைக்கு பாஸ் அப் பண்ணணும்லா!" அக்காவின் குரல் உடைந்தது.

"ஸ்கிரீன்தான் போச்சுக்கா, உள்ள ஓடுது. பார்க்காமலே கமாண்ட் அடிச்சா பிரிண்ட் ஆகலாம். ஓர் எழுத்து தப்பினாலும் தெரியாது."

விசைப்பலகையில் வைத்த விரல்களை நான் பின்னிழுப்பதை அக்கா பார்த்தாள்.

"தள்ளு. நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

பயனர் பெயர், கடவுச்சொல், அச்சிடும் கட்டளை என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கடைசியில் என்டரைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, பிரிண்டர் கரகரவென்று முதல் தாளை இழுத்தது. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லாதபோது, நான் சொன்ன ஓர் எழுத்தைக்கூட அவள் திருப்பிக் கேட்கவில்லை. அப்படி என்னை நம்பியவர்கள் வேறு யாருமில்லை.