கஞ்சி போட்ட கூந்தல்

1953 ஆகஸ்ட் 28. வழக்கம்போல் காலையில் வேட்டிகளைத் துவைத்து, கஞ்சி போட்டுக் காயவைத்தேன். என் மகள் செல்வத்தைப் பெண் பார்க்க மறுநாள் கொட்டாரத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். அவளுக்குச் சுருட்டை முடி. அது என் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"இது தலையா, தேங்காக் கதம்பையா மைனி? வாறவன் வாசல்லயே திரும்பிருவான்," என்றாள்.

நான் கடைக்குப் போனதும் அந்தப் புத்திசாலி மிச்சக் கஞ்சியைச் செல்வத்தின் தலையில் பூசினாள். காய்ந்த பின் முடியைப் பலகையில் விரித்து, கரி கனலும் தேய்ப்புப் பெட்டியால் வேட்டி தேய்ப்பதுபோல் தேய்த்திருக்கிறாள். நான் திரும்பியபோது கருகல் நாற்றம் வாசலுக்கே வந்தது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடுங்கினேன். ஒரு கொத்து முடி போயிற்று. காது தப்பியது தெய்வச்செயல்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா நேராயிருக்குமே மக்கா," என்றாள் நாத்தனார், வெட்கமே இல்லாமல்.

"ஆயிருக்கும் அத்தை. நேராவதுக்கு முடிதான் மிச்சம் இருந்திருக்காது," என்றாள் செல்வம்.

முடியில் குலமும் குணமும் பார்க்கும் மூடர்களுக்காக, நானும் அவள் தலையைக் காய்ந்தபடியே இழுத்து வாரி, எண்ணெயால் அடக்கி வந்தேன். அன்றோடு அதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் ஈரத்திலேயே அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுக்கிறேன். சுருளைச் சுருளாகவே விடுகிறேன்.

பெண் பார்க்கும் நாள் விடிந்ததும் முதல் வேலையாகச் செம்பரத்தி இலையைக் கசக்கி வழுவழுப்பான தாளி எடுத்து அவள் தலையை அலசினேன். பின்னல் போடக் கையெடுத்தேன்.

"வேண்டாம்மா, இப்பிடியே கிடக்கட்டு. வாறவங்க இதப் பாத்துட்டே பேசட்டு," என்றாள்.