கவிழாத படகு

செல்போன் கேம் செய்யும் தொழிலில் எல்லாமே ரெடிமேடாகக் கிடைக்கும், நாம் நினைத்ததைத் தவிர. கணினி முன்னால் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்ட சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டீத்தண்ணி

புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடை மாடியில் நானும் நாசரும் சேர்ந்து தொழில் செய்கிறோம். நாசருக்குச் சொந்த ஊர் கட்டுமாவடி. அவன் அண்ணன் மீன்பிடிக்கப் போன இடத்தில் காற்று திரும்பி, படகு கவிழ்ந்து இறந்துபோனார். ஓட்டத் தெரியாமல் கவிழ்த்துவிட்டான் என்று ஊர் பேசியது. அந்தக் காற்றில் யார் போயிருந்தாலும் கவிழ்ந்திருக்கும் என்பதை ஆடுகிறவர்களே உணர வேண்டும் என்று நாசர் ஆசைப்பட்டான். அதற்காகத்தான் இந்தப் படகு கேமையே தொடங்கினோம்.

நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் கடல் தயாராக இருந்தது. பட்டனைத் தட்டினால் வந்து நிற்கும். ஆனால் அது ஆழமான நீலக்கடல். எங்கள் பக்கத்துக் கடல் சேறு கலங்கியது, ஆழமில்லாதது; அலை குட்டையாக அடுத்தடுத்து வந்து அறையும். நான் நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டினேன். நாசர் பார்த்துவிட்டுச் சொன்னான்: “இது கடலாண்ணே? டீத்தண்ணி மாதிரில்ல இருக்கு.”

சொன்னால் மிதக்கும்

படகும் அப்படித்தான். ‘மித’ என்று கட்டளை கொடுத்தால் மிதக்கும். ஏன் மிதக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டாம். கவிழ்கிறதா என்று பார்க்க வலையை ஒரு பக்கமாகக் குவித்தோம், புயலை ஏவினோம். சாய்ந்த படகு தானே நிமிர்ந்துகொண்டது. மென்பொருளின் நிரலைத் திறந்து பார்த்தால், யாரோ எழுதியதன் மேல் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். ஓரிடத்தில் கைவைத்தோம், படகு ஆகாயத்தில் பறந்தது. நான் சிரித்தேன். நாசர் சிரிக்கவில்லை.

கடலையும் படகையும் நாமே முதலிலிருந்து எழுதுவோம் என்றான். மாசக்கணக்கில் ஆகும். கேமுக்குப் பணம் போட்ட சென்னைக் கம்பெனிக்காரரிடம் போனில் அவகாசம் கேட்டேன். அவர் சொன்னார்: “கவுந்துக்கிட்டே இருந்தா எவன் பிரதர் ஆடுவான்? மிதக்கிறதை மிதக்க விடுங்க.”

உம்மா ஆடியது

அப்படியே மிதக்க விட்டோம். கேம் வெளிவந்த பிறகு நாசர் வீட்டுக்குப் போயிருந்தேன். நாசருக்கு அதை வீட்டில் காட்ட மனமில்லை. அவன் உம்மாதான் கேட்டுப் போனை வாங்கினார். திரையில் காற்று திரும்பியது. படகு சாய்ந்தது, நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. ஏதாவது சொல்லித் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. உம்மா போனைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

“இம்புட்டுக் காத்துலயும் கவுந்து போகலையே நாசரு. அப்ப அவனுக்குத்தான் ஓட்டத் தெரியலையா?”

கேமில் ஒரு பிழைகூட இல்லை என்று கம்பெனியில் பாராட்டினார்கள்.