ஜூன் மாதத்துக் குளம்

தேக்கா சந்தையில் கீரை விற்கும் பாக்கியம் அக்கா மூன்று தலைமுறையாக சிங்கப்பூர்க்காரர். என் வேலை என்னவென்று கேட்டார். செயற்கைக்கோள் படத்தில் நத்தை தேடுகிறேன் என்றேன். அவ்வளவு உயரத்திலிருந்து நத்தை எப்படித் தெரியும் என்றவர், பாவம் பார்த்து ஒரு கட்டு முருங்கைக்கீரை கூடுதலாகப் போட்டார்.

நத்தை தெரியாது, அது வாழும் தண்ணீர் தெரியும். நத்தையிலிருந்து வெளிவரும் புழு, குளத்தில் இறங்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகும். மூக்கில் குடியேறி மூச்சைத் திணறடிக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் எந்தக் குளங்களில் ஆபத்து என்று கால்நடை மருத்துவர்களுக்குப் பட்டியல் அனுப்புவது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரிதான், சந்தேகமே வேண்டாம். மேகம் மறைத்த படம் உதவாது என்று தெளிவான நாட்களாகப் பொறுக்கினேன். எங்கள் ஊர்ப் பெரியகுளத்தை யோசிக்காமலே ‘தரை’ என்று குறித்தேன். விடுமுறையில் என் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடமாயிற்றே!

போன மாதம் சிங்கப்பூரில் எங்கள் பிடோக் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, ஊரில் மாடு வளர்க்கும் அண்ணி போன் செய்தார். பசு லட்சுமி கொர் கொர்ரென்று மூச்சு விடுகிறதாம், மூக்கில் ரத்தமாம். என் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் இல்லாததால் சிகிச்சை முகாமும் வரவில்லை. எங்கே குளிப்பாட்டுகிறீர்கள் என்றேன். பெரியகுளத்தில் என்றார். அங்கே ஏது தண்ணீர் என்று கேட்டுவிட்டேன்.

“ஐப்பசியிலேருந்து நெறஞ்சு கெடக்கு சுமதி. நீ வர்றதே ஜூன் லீவுலதானே, உனக்கு எப்படித் தெரியும்?”

இங்கே பள்ளிகளுக்கு டிசம்பர் விடுமுறைதான் நீளம். ஆனாலும் மழையில் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்று வருடா வருடம் ஜூனில்தான் போகிறேன். படங்களையும் அப்படியே மழைக்காலத்தை விட்டுப் பொறுக்கியிருக்கிறேன். மேகத்தை ஒதுக்கியதில் தண்ணீரும் போய்விட்டது.

மறுநாள் குழுத் தலைவர் லிம்மிடம் தப்பு என்னுடையது என்றேன். திட்டுவார் என்று பயந்தேன். அவரோ, “பாண்ட் ஆல்சோ கேன் டிஸப்பியர், மெஹ்?” என்று, குளம்கூடக் காணாமல் போகுமா என்று கேட்டார். சிங்கப்பூரில் நீர்த்தேக்கம் வற்றிப் பார்க்காத மனிதர், பாவம். வருடத்தில் பாதி நாள் குளம் தரையாகக் கிடக்கும் என்று நம்பவைக்கவே அரை மணி நேரமானது. பிறகு மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களை வைத்துப் பட்டியலை முழுக்கத் திருத்தினேன். முகாம் வந்தது, லட்சுமிக்கு ஊசி போட்டார்கள். பத்து நாள் கழித்து அண்ணி போனை அதன் மூக்கருகே பிடித்தார். சத்தமில்லாத மூச்சு! அடுப்படியிலேயே அழுதேன்.

பிள்ளைகள் குளத்துக்குள் ஸ்டம்ப் நட்டு நிற்கும் ஜூன் படம் எங்கள் சுவரில் இருக்கிறது. ரேடார் படத்தில் அதே குளம் கரை தொட்ட தண்ணீராய்க் கருப்பாகக் கிடக்கிறது. இரண்டும் என் ஊர்தான். இரண்டாவதில் எனக்கு நிற்க இடமில்லை.