மேல் தண்ணீர்

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் மண்வெட்டி. விட்டுவந்த குடிசையைப் பூட்டவில்லை; பூட்டும் அளவுக்கு உள்ளே எதுவும் இல்லை. அன்று மதியம்தான் என் மனைவி தன் அண்ணனோடு புளியந்தோப்புக்குப் போனாள். அவர்கள் தெற்கே போனார்கள். அதனால் நான் வடக்கே நடந்தேன்.

கடலோரத்தில் இருந்த அந்தக் குடிசைக்கு நாங்கள் தை மாதம் குடிவந்தோம். அதற்கு முன்பு கல்மண்டபத்தில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பள்ளிக்கூடம், வேலை, ஊர் எல்லாவற்றையும் பாதியில் விட்டுப் பழகியவன் நான். அவளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தினமும் ஒரே கதவைத் தட்டினேன். ஆடியில் அவள் கொஞ்சம் அவரை விதை வாங்கி, வாசலில் உடைந்த பானையில் போடலாம் என்று வைத்திருந்தாள். அந்த ஆடியில் எங்கள் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. பிழைக்கவில்லை. அதன் பிறகு என் மனைவி தூளி கட்டியிருந்த உத்தரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். வேறு இடம் பார்த்தேன்.

குடிசைக்குப் பின்னால் கொஞ்சம் மணல் நிலம் இருந்தது. சாமான்களை இறக்கியதும் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அந்த விதைகள். பக்கத்துக் குடிசையில் கருவாடு காயவைக்கும் அக்கா வேலியோரம் வந்து நின்றாள்.

"இன்னாமே, ஊரெல்லாம் அவரக்கா துன்னு முடிச்சி கொடியக்கூட புடுங்கிப் போட்டாச்சு. நீ இப்பத்தான் வெதைக்கிறியா?"

"எனக்கு இப்பத்தாங்கா ஆடி வந்துகீது" என்றாள் என் மனைவி.

அக்கா அதற்குமேல் கேலி பேசவில்லை. மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டச் சொன்னாள். மழைத் தண்ணீர் அங்கே கடல் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக நிற்கும்.

"கொட்டாங்கச்சியால மேலாக்க மொண்டு ஊத்து. அப்பாலிக்கா ஊறட்டும். அவசரப்பட்டுத் தோண்டிடாத. கீழ கீறது கடலு."

அப்படியே செய்தாள். கொடி பந்தல் ஏறியது. மாசியில் மொட்டு வைத்தது.

"இது காய்ச்சா இங்கியே இருந்துடலாம்யா" என்றாள். "இல்லாங்காட்டி என்னிய அண்ணன் வூட்ல வுட்டுடு. இன்னொரு தபா ஒண்ணு வாடறதப் பாத்துகினு என்னால குந்த முடியாது."

பங்குனி வெயிலில் பள்ளத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒரு கொட்டாங்கச்சி ஊறி வருவதற்குள் செடி துவண்டது. நான் தண்டையார்பேட்டை கிடங்குகளில் கூலி தேடிப் போயிருந்த ஒருநாள், அவள் மண்வெட்டியை எடுத்து இடுப்பளவுக்குத் தோண்டிவிட்டாள்.

திரும்பி வந்தபோது பந்தலடி முழுக்க ஈரம். புடவை முட்டிவரை சேறு.

"எவ்ளோ தண்ணி வந்துச்சு பாருயா. கொடங்கொடமா ஊத்தினேன்."

ஆடிக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். குடிக்கத் தெருக்குழாயில் பிடித்து வருவோம்; அந்தப் பள்ளத்துத் தண்ணீரை அவள் வாயில் வைத்திருக்க மாட்டாள். நான் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு. ஊற்றியதை எடுக்க முடியாது. "நல்லா ஊத்தினே" என்றேன்.

இலைகள் ஓரத்திலிருந்து கருகின. மொட்டெல்லாம் உதிர்ந்தது. அக்கா வந்து தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினாள்.

"யாரு தோண்டனது?"

"நான்தான்" என்றேன்.

"அது இல்லக்கா. நான்தான்" என்றாள் என் மனைவி. "எங்கையில எதுவும் தங்காது."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பினோம். அவன் வந்து, "நீயும் வா மச்சான், அங்க வேலைக்கா பஞ்சம்" என்று கூப்பிட்டான். அவள் கூப்பிடுவாளா என்று பார்த்தேன். காய்ந்த கொடியைப் பார்த்தபடி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பொழுது சாய எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து, தோணித்துறையில் படுத்துக்கொண்டேன். காலையில் அக்கரைக்குப் போய் உப்பளத்தில் வேலை கேட்டேன். மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை, மண்வெட்டியைத்தான் பார்த்தார்.

"கெணறு தோண்டுவியா?"

"எவ்ளோ ஆழம்?"

"இது இன்னாடா கேள்வி? நல்லா கரிக்கிற தண்ணி வர்ற வரிக்கும்."

அவர் காட்டிய இடத்தில் இறங்கித் தோண்ட ஆரம்பித்தேன்.