சாரல் காலத்துச் சம்பந்திகள்

தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் ஆனி, ஆடி மாதங்களில் அந்தத் தெரு வீட்டு அடுக்களையில் நின்று பார்த்ததில்லை. சொக்கம்மாள் நின்றாள், கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து.

மலையில் மேகம் இறங்கித் தெருவில் சாரல் தூவ ஆரம்பித்தால் போதும், திருநெல்வேலி முதல் தூத்துக்குடி வரை உள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவள்மேல் பாசம் பொங்கிவிடும். மாமனாருடைய ஒன்றுவிட்ட தம்பியின் கொழுந்தியாள் வண்டியை விட்டு இறங்கி, "உன்னையப் பார்க்காம கண்ணு பூத்துப் போச்சு" என்பாள். கையில், குற்றாலத்தில் தேய்த்துக் குளிக்க நல்லெண்ணெய்ப் போத்தல் இருக்கும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களின் பசி லேசுப்பட்டதல்ல. இட்லிக் கொப்பரையை இறக்கவிடாத பசி. சாப்பிட்டு முடித்து வீடு முழுக்க ஈர வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, "ஒனக்கென்னம்மா, சொர்க்கத்துலல்லா இருக்க" என்று சொல்லிவிட்டுப் படுப்பார்கள்.

புருஷன் நமசிவாயம் பிள்ளைக்கு இதெல்லாம் திருவிழா. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதையே உத்தியோகமாக வைத்திருந்தார். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. முதலில், இரண்டாகப் பிளந்து மொட்டையாக நிற்கும் பெரிய கோயில் கோபுரம். அது இடி விழுந்து பிளந்ததா, தீயில் வெந்து பிளந்ததா என்பது கேட்கிறவர் முகத்தைப் பொறுத்தது. கிராம முன்சீப்புகளுக்கு இடி, பள்ளிக்கூட வாத்தியார்களுக்குத் தீ. பிறகு வாசலில் வீசும் காற்று. அதை அவரே ஊதி அனுப்புவதுபோல ஒரு பெருமை. அப்புறம் சித்திரசபை, ஐந்தருவி. முழங்கால் தெம்புள்ளவர்களுக்குப் பண்பொழி மலைக்கோயில்.

இதோடு நின்றிருந்தால் சொக்கம்மாள் விதியே என்று இருந்திருப்பாள். மகள் கல்யாணசுந்தரிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. தையில் ஒருவரும் வரவில்லை. மாசியில் வரவில்லை. ஆனியில் சாரல் விழுந்ததும், "பொண்ணு பார்க்க வாரோம்" என்று குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆடியில் பெண் பார்க்கக் கூடாதென்பது சாஸ்திரம். சாஸ்திரம் தெரிந்தவர்கள் ஆடியில் வந்து, "இது பொண்ணு பார்க்கதில்ல மயினி, வந்த இடத்துல கண்ணுல பட்டாப் படட்டும்" என்றார்கள். எல்லோரும் குளித்தார்கள், சாப்பிட்டார்கள், "ஊருக்குப் போயி எழுதுதோம்" என்றார்கள். தபால்காரர் அந்தத் தெருவை மறந்தே போனார்.

வீரபாகு பிள்ளை என்று ஒருவர், மகனுக்காக அடுத்தடுத்த வருஷம் இரண்டு தடவை வந்தார். "போன வாட்டி தலை ஈரமா இருந்துச்சு, பொண்ணைச் சரியாக் கவனிக்கலை" என்றார். இந்தத் தடவையும் தலை ஈரமாகத்தான் இருந்தது.

மூன்று சாரல் போயிற்று. பெண்ணுக்குப் பதினெட்டு. அந்தக் காலத்தில் அது பெண்ணின் வயதல்ல, தாயின் தலைவலி. எதிர்வீட்டு ரெங்கம்மாள் ஒருநாள் கிணற்றடியில் சாதாரணமாகச் சொன்னாள்: "குத்தாலம் வாரவுக பார்க்க வேண்டியது நாலு. மொட்டைக் கோபுரம், சித்திரசபை, ஐந்தருவி, பொறவு ஒம் மக."

சொக்கம்மாள் தண்ணீர்க் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். புருஷன் இலையில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டேளா, இனிமே பங்குனியில வாரவுகளுக்குத்தான் பொண்ணைக் காட்டுவேன். தரகர்ட்ட சொல்லிருங்க."

பிள்ளை பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டார். "பங்குனியிலயா? வெயிலு மண்டையைப் பொளக்கும். அருவியில சொட்டுத் தண்ணி இருக்காதே. வந்தவுகளுக்கு அங்கன என்னத்தக் காட்ட?"

"இங்கன பொண்ணு இருக்கா. அவளைக் காட்டலாம்."

தரகர் இதைச் சொன்னதும் ஏழெட்டு ஜாதகங்கள் அப்படியே ஆவியாகிவிட்டன. வீரபாகு பிள்ளை, "பங்குனியில எனக்கு நெஞ்சு படபடப்பு" என்று சொல்லி அனுப்பினார். பங்குனி பாதி போய்விட்டது. வைராக்கியத்துக்கு மகளைப் பலி கொடுத்துவிட்டோமோ என்று சொக்கம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்போதுதான் ஆலங்குளத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த நெல்லையப்ப பிள்ளை, மகனுக்குப் பெண் பார்க்கச் சம்சாரம் முத்துவடிவோடு புழுதி படிய பஸ்ஸை விட்டு இறங்கினார். கையில் எண்ணெய்ப் போத்தல் இல்லை. சொக்கம்மாள் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

நமசிவாயம் பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? உச்சி வெயிலில் நெல்லையப்ப பிள்ளையைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். கரும்பாறைமேல் நூல் பிரிந்த மாதிரி கொஞ்சம் ஈரம், நாலைந்து குரங்குகள்.

"இங்கன இருந்துதான் விழும். இப்படியே பொங்கி, அப்படியே விழும்" என்று கையை வீசி வீசி வெறும் பாறையில் வெள்ளம் இறக்கினார். நெல்லையப்ப பிள்ளை துண்டால் தலையை மூடிக்கொண்டு, "விழட்டும் அண்ணாச்சி, நம்ம நெழலுக்குப் போவோம்" என்றார்.

அடுக்களையில் முத்துவடிவு ஆற அமர உட்கார்ந்து, கல்யாணசுந்தரி வைத்த சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டாள். நிறுத்தினாள்.

"ஏளா, உப்பு ஒரு கல்லு கூடப் போச்சே. யாரு போட்டது?"

"நாந்தான் அத்தை."

"அத்தையா! இனிமேதானட்டி அதெல்லாம். பருப்பும் குழைய வெந்திருக்கணும், கேட்டியா?"

மகளின் முகம் சுருங்கிப் போயிற்று. சொக்கம்மாளுக்கோ அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. உப்புக்காகத் தேசமே ஜெயிலுக்குப் போய்த் திரும்பியிருந்த காலம் அது. இந்த வீட்டில் மட்டும் மூன்று வருஷமாக, வந்தவர்களில் ஒருவராவது சோற்றில் உப்பிருக்கிறதா இல்லையா என்று கவனித்ததில்லை. குறை சொல்லுகிறவள்தான் சரக்கு எடுப்பாள். சந்தைக்குப் போகிற யாருக்கும் தெரியும் இது.

அவள் கணக்குத் தப்பவில்லை. சாயங்காலமே தாம்பூலம் மாற்றினார்கள். வைகாசியில் கல்யாணம் முடிந்தது.

ஆடி பிறக்குமுன் மகளை அழைத்துவர நமசிவாயம் பிள்ளை ஆலங்குளம் போனார். ஒரு பெண்ணை அழைக்கப் போனவர் மூன்று வண்டியோடு திரும்பினார். தெருவில் சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது. வண்டிகளிலிருந்து நெல்லையப்ப பிள்ளை, முத்துவடிவு, தம்பி, தம்பி குடும்பம், மைத்துனர், கடைக் கணக்கப்பிள்ளை எல்லோரும் இறங்கினார்கள். ஆளுக்கொரு போத்தல்.

"பொண்ணைத் தனியா அனுப்ப மனசு வரலை தங்கச்சி" என்றார் நெல்லையப்ப பிள்ளை. "அப்படியே, அத்தான் பங்குனியில காட்டின பாறையில நெசமாவே தண்ணி விழுதான்னு பார்த்துட்டுப் போவோம்னு..."

நமசிவாயம் பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மொதல்ல கோபுரம். அது எப்படிப் பொளந்துச்சுன்னா..." என்று கிளம்பிவிட்டார்.

மத்தியானம் எல்லோரும் நடுங்கிக்கொண்டே வந்து இலையில் உட்கார்ந்தார்கள். முத்துவடிவு மூன்றாவது தடவை சாம்பார் கேட்டாள். சொக்கம்மாள் கரண்டியைப் பிடித்தபடி கேட்டாள்:

"உப்பு, பருப்பு எல்லாம் சரியா இருக்கா மயினி?"

"அமிர்தமால்லா இருக்கு! கொஞ்சம் தாராளமா விடுங்க."

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கல்யாணசுந்தரி தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"யம்மா, வந்த அவசரத்துல நான் உப்பே போடலை."

"சத்தங் காட்டாத ஏளா" என்றாள் சொக்கம்மாள். "அடுத்த உலைய வை."