சீஃப் சேர்த்த ஒரு வரி

ஓரத்தில் துளையிட்ட நீளமான கம்ப்யூட்டர் தாள் அது. நான் எழுதிய இரண்டு கட்டளைகளுக்கு நடுவே சிவப்பு மையில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. எழுத்து அழகாக இருந்தது. அந்தக் கையெழுத்தை இன்று எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். எழுதியவர் எங்கள் சீஃப் இன்ஜினியர். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி பழைய அலுவலக நண்பர்கள் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாகலூர் சாலையில் காப்பித் தோட்டத்துக்குள் இருந்த ஒரு பழைய பங்களாவில் எங்கள் சிறிய நிறுவனம் நடந்தது. கம்பி இழுக்க முடியாத மலைக் கிராமங்களுக்கு வயர்லெஸ் போன் செய்வது எங்கள் வேலை. ஏற்காட்டில் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து சேலத்துக்குப் போய்ப் படித்துத் திரும்பியவள் நான். உள்ளூரிலேயே இப்படி ஒரு வேலை கிடைத்ததில் என்னைவிட என்னைப் பெற்ற அத்தாவுக்குத்தான் பெருமை. சீஃப் என்னை முதல் நாளிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘பாப்பா’ என்பார். அதில் பிரியம் எதுவும் கிடையாது. மற்ற இன்ஜினியர்களுக்கு நாற்காலி போட்டுப் பேசுகிறவர், என்னை மட்டும் நிற்க வைத்தே பேசுவார்.

முதல் போன் பெட்டிகள் கார்த்திகை மாத மூடுபனியில் செத்துப்போயின. நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வெயில் இல்லையென்றால் சூரியத் தகடு மின்சாரம் தராமல் பேட்டரி தீர்ந்துவிடும். பேட்டரி சின்னதாக இருக்கிறது என்றார்கள். எனக்கு வேறு காரணம் தெரிந்தது. பெட்டிக்குள் இருந்த பிராசஸர், யாரும் பேசாத நேரத்திலும் ‘வேலை இருக்கிறதா, வேலை இருக்கிறதா’ என்று ஓயாமல் தன்னையே கேட்டுக்கொண்டு சுற்றியது. சும்மா இருப்பதற்கே அதற்கு அத்தனை மின்சாரம் வேண்டியிருந்தது. அதை நடத்தும் அடிப்படை நிரலான கெர்னலை நான் மாற்றி எழுதினேன். வேலை இல்லாவிட்டால் பிராசஸர் தூங்கிவிடும். பேச்சை அனுப்பும் பகுதிக்கும் விளக்குகளுக்கும் தனித்தனி மின்வழி வைத்து, தேவையில்லாதபோது அவற்றை அடியோடு அணைத்தேன். அழைப்பைக் கேட்கும் பகுதியும் பொத்தானும் மட்டும் விழித்திருக்கும். பேட்டரியைச் சோதிக்க மணிக்கு ஒரு முறை பிராசஸர் தானாக எழுந்து, பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். வெயிலே இல்லாமல் பத்து நாள் பெட்டி உயிரோடு இருந்தது.

இதில் ஆபத்தான இடம் ஒன்றுதான். தூங்கப்போகும் முன், வேலை ஏதும் இருக்கிறதா என்று பிராசஸர் கடைசியாக ஒரு முறை பார்க்கும். அப்போது வெளியிலிருந்து எதுவும் குறுக்கிடாதபடி கதவைச் சாத்தியிருப்போம். பிறகு கதவைத் திற, தூங்கு என்று இரண்டு கட்டளைகள். இரண்டும் ஒட்டி இருந்தால் நடுவில் எதுவும் நுழைய முடியாது. அந்த பிராசஸரின் அமைப்பு அப்படி. நடுவே வேறு கட்டளை ஏதாவது வந்தால், அந்த நூலிழை இடைவெளியில் யாராவது பொத்தானை அழுத்தக்கூடும். அழுத்தியது குறித்துக்கொள்ளப்படும், ஆனால் அதைக் கவனிக்காமலே பிராசஸர் தூங்கிவிடும். ஒரு முறை அழுத்திய பொத்தான், அந்த வேலை முடியும்வரை மறுபடி கேட்காது. அதன்பின் எத்தனை முறை அழுத்தினாலும் பெட்டிக்குத் தெரியாது.

சீஃப் சரியாக அந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில்தான் தன் வரியைச் சேர்த்தார். பெட்டி எத்தனை முறை தூங்கியது என்று எண்ணும் வரி. அதிகாரிகள் பார்வையிட வரும்போது காட்ட வேண்டுமாம். எண்ணுவதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவர் காகிதத்தைப் படிக்காமலே மடித்தார்.

“பாப்பா, தூங்குற மெஷினைப் பார்த்து உனக்கு ஏன் இவ்வளவு பயம்?”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என் மேசைக்குத் திரும்பினேன். பெட்டிகள் அந்த வரியோடுதான் மலைக்குப் போயின.

செம்மநத்தத்தில் பெட்டி ஒரு விவசாயியின் வீட்டில் இருந்தது. ஊர் முழுவதற்கும் அதுதான் போன். அவர் அத்தா கடையின் பழைய வாடிக்கைக்காரர். ஒரு நாள் காலை அவருடைய தம்பி சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கும்போது, வெட்டிய கிளையோடு சேர்ந்து விழுந்தார். கால் நசுங்கிவிட்டது. ஏற்காட்டிலிருந்து ஜீப் வரவழைக்க அண்ணன் ஓடிவந்து பொத்தானை அழுத்தினார். பெட்டி அசையவில்லை. மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் கயிற்றுக் கட்டிலில் தம்பியைக் கிடத்தி நாகலூர் வரைக்கும் தூக்கிப்போனார்கள். உயிர் தப்பியது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று சேலத்தில் டாக்டர் சொன்னாராம்.

மூன்றாம் நாள் சீஃப் என்னையும் அழைத்துக்கொண்டு செம்மநத்தம் போனார். வாசலில் ஊரே நின்றது. அவர் பொத்தானை ஒரு முறை அழுத்தினார். உடனே ஏற்காடு பேசியது. பிறகு ஏற்காட்டில் அழைப்புகளை இணைக்கும் அறையின் பதிவுத் தாளை எடுத்துக் காட்டினார். தம்பி விழுந்த அன்று காலை செம்மநத்தத்திலிருந்து ஒரு அழைப்பு வந்திருந்தது. ஆனால் யாரும் பேசவில்லை.

“போன் வேலை செஞ்சிருக்கு. இவருதான் பதட்டத்துல பேசாம வெச்சிட்டாரு,” என்றார் ஊராரைப் பார்த்து.

விவசாயி சீஃபை விட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க அம்மணி, நீங்க கடைக்காரர் ஊட்டுப் பொண்ணு. இந்தப் பெட்டியச் செஞ்சவங்க. நான் பொய் சொல்றேனுங்களா?”

எனக்குச் சந்தேகம் இருந்தது. அந்தச் சிவப்பு வரி கண்முன்னால் நின்றது. ஆனால் கையில் நிரூபணம் இல்லை. பக்கத்தில் சீஃப் நின்றுகொண்டிருந்தார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஊரார் விவசாயியைப் பார்த்த பார்வை மாறியது. சொந்தத் தம்பிக்குப் போன் பேசத் தெரியாதவன் என்று அதற்குப் பின் சொன்னார்களாம். போன் இயக்கியவரின் தவறு என்று சீஃப் அறிக்கை எழுதினார்.

அந்த விவசாயியும் அவருடைய உறவுக்காரர்களும் எங்கள் கடையைத் தாண்டிப் போய்ச் சாமான் வாங்க ஆரம்பித்தார்கள். என்ன நடந்தது என்று அத்தா கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “அந்த மனுசன் உன்னத்தானே கேட்டாரு கண்ணு,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பதிவுத் தாளில் இருந்த நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பேச்சில்லாத அழைப்பு, பெட்டி பேட்டரியைப் பார்க்க எழும் நேரத்தில் வந்திருந்தது. அப்போதுதான் விளங்கியது. முந்தைய சோதனை முடிந்து பெட்டி தூங்கப்போன அந்த நொடியில் அவர் அழுத்தியிருக்கிறார். அது ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, குறித்துவைத்த வேலையை அப்போது பார்த்து, ஆள் இல்லாத வீட்டிலிருந்து ஏற்காட்டைக் கூப்பிட்டிருக்கிறது. அந்நேரம் அவர் கட்டிலின் ஒரு காலைத் தோளில் தாங்கி நடந்துகொண்டிருந்தார்.

மேசைமேல் ஒரு பெட்டியை வைத்து, விரலுக்குப் பதிலாக ஒரு கருவியால் பொத்தானைத் தட்ட வைத்தேன். இரண்டாம் நாள் மதியம் பெட்டி அதேபோல் மாட்டிக்கொண்டது. சீஃபைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கையாலேயே அந்த வரியை அடித்தார். அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். அறிக்கையை மாற்ற வேண்டும் என்றேன்.

“அறிக்கை போயாச்சு. நீ அதைத் தொடாதே.”

நான் எல்லாவற்றையும் எழுதி, போன் திட்டத்தை நடத்திய அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. நான் இனி வரவேண்டாம் என்று சீஃப் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

நாகலூர் வரை பஸ்ஸிலும் பிறகு நடந்தும் செம்மநத்தம் போனேன். தம்பி உள்ளே கட்டிலில் இருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நடந்ததை எளிமையாகச் சொன்னேன். பெட்டி தூங்கிவிட்டது, உங்கள் மேல் தப்பில்லை, எனக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்தது என்று. விவசாயி என்னை உட்காரச் சொல்லவில்லை.

“அன்னைக்கு நொம்பப் பேரு நின்னாங்க. அப்பச் சொல்லலைங்க. இன்னைக்கு எனக்கு மட்டும் சொன்னா என்னங்க ஆவும்?”

எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்து வேண்டாம், ஊராரைக் கூப்பிடுகிறேன், அவர்கள் முன்னால் சொல்லுங்கள் என்றார். கூப்பிட்டார். சொன்னேன். முடித்ததும் அவர் வீட்டுக்குள் போய்விட்டார். என்னை வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. பெட்டி மட்டும் அந்த வீட்டிலேயே இருந்தது, வேறு போன் வரும்வரை. அவர் கடைக்குத் திரும்பி வரவே இல்லை.

சீஃப் பெரிய ஆளானார். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் போன் ஒரு நாளில் கணக்கில்லாமல் தூங்கி எழுகிறது. அந்தக் காலத்திலேயே அதை ஏற்காட்டில் செய்தோம் என்று அவர் மேடைகளில் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். போன வருடம் சேலத்தில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி, “இந்தப் பாப்பா எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவ,” என்றார்.

“செம்மநத்தத்துத் தம்பி எப்படி இருக்காருன்னு விசாரிச்சீங்களா சார்?” என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார்.

“எந்தத் தம்பி?”

நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. அதுவரை அவர்மேல் எனக்கு இருந்தது கோபம்தான் என்று நினைத்திருந்தேன். அது போதாது என்று அப்போது தெரிந்தது. அவருடைய இலையில் சோறு விழுந்துகொண்டிருந்தது. சுற்றிலும் அவரை மதிக்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, தம்பி விழுந்த அந்த மரத்தடியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.