பெரியப்பா விட்டுப்போன ஆட்டம்

வானம் லேசாக உறுமினாலே மகள் படிக்கும் பள்ளிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவள் நான். போன வாரமும் ஓடினேன். பிள்ளைகள் எல்லாம் வகுப்பறைக்குள் பத்திரமாக இருந்தார்கள். மைதானத்தில் நனைந்து நின்றது நான் ஒருத்திதான். இந்தப் பயமும், எங்கள் குடும்பத்தின் மிகப் பெரிய வெற்றியும் ஒரே மாலையில் கிடைத்தவை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். சாத்தூர் போகும் வழியில் பட்டாசுக் கம்பெனி முதலாளிகள் ஒரு கிளப் நடத்தினார்கள். கரிசல் காட்டைச் சமன்செய்து ஒன்பது குழிகளோடு கோல்ஃப் மைதானம். புல் முளைக்க மறுத்ததால், குழிகளைச் சுற்றி எண்ணெய் தெளித்து இறுக்கிய மணல். பெரியப்பா அங்கே உறுப்பினர். திருத்தங்கலில் சின்ன அச்சகம் வைத்து அவருடைய பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக்கொடுத்த அப்பா உறுப்பினர் இல்லை. இரண்டு முறை மனுப் போட்டார். இரண்டு முறையும் ‘பார்க்கலாம்’ என்றார்கள். ஆனால் வருடப் போட்டியில் விருந்தாளியும் ஆடலாம். ஜெயித்தால் மறுபேச்சில்லாமல் உறுப்பினர். ஆறு மாதம் அச்சக மொட்டைமாடியில் காலி மை டப்பாவைச் சாய்த்துவைத்து, அதற்குள் பந்தைத் தட்டிப் பழகினார் அப்பா.

இறுதி ஆட்டம் அண்ணனுக்கும் தம்பிக்கும். கடைசிக் குழிவரை இருவரும் சமம். பெரியப்பாவின் பந்து குழியிலிருந்து ஒரு முழம். அப்பாவுடையது பத்து முழம். பத்து வயதான நான் வெயிலுக்குக் கொண்டுவந்த கம்பிக் குடையோடு அப்பாவின் பின்னால் நின்றேன். வெம்பக்கோட்டைப் பக்கம் இடித்தது.

பெரியப்பா மட்டையைக் கீழே போட்டார். செல்லைக் காதில் வைத்தார், சிக்னல் இல்லை.

“எங்க போறீக அண்ணாச்சி?”

“ஆளுகள வெளியேத்தணும்லே. சீசன் நேரம், அம்புட்டுப் பேரும் வெடிமருந்து ரூமுலதான் இருக்காக.”

“போர்மேன் எதுக்கு இருக்கான்? ஒரு தட்டுதான, தட்டிட்டுப் போங்க.”

“ஆட்டம் கெடக்கட்டும்லே! மொதல்ல புள்ளயக் கூட்டிட்டு உள்ள போ!”

வேடிக்கை பார்த்த முதலாளிகளும் கார்களுக்கு ஓடினார்கள். பாதியில் போனவர் தோற்றவர் என்பது கிளப் விதி. அப்பா எத்தனை தட்டிலாவது பந்தைக் குழியில் சேர்த்தால் போதும். ஒரே தட்டில் சேர்த்தார். மின்னல் வெளிச்சத்தில் பந்து உள்ளே விழுந்ததைப் பார்த்தேன். குடையை வானத்துக்கு நேராக உயர்த்திக் குதித்தேன். அப்பா மட்டையைத் தலைக்குமேல் தூக்கி ஆடினார்.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் ஸ்கூட்டரில் திருத்தங்கல் கடைத்தெரு முழுக்க ஹாரன் அடித்தபடி போனோம். அச்சகத்தில் எல்லாருக்கும் காரச்சேவும் மிட்டாயும். கிளப் பலகையில் அப்பாவின் பெயர் ஏறிய அன்று பெரியப்பாவே மாலை போட்டு, “சாதிச்சிட்டியேலே” என்றார். இடிக்குப் பயந்து ஓடியவர் என்று அவர் காதுபடவே சொல்லித் திரிந்தேன், சிரித்துக்கொண்டார். மைதானத்து ஒற்றைப் பனை அந்த மழையில் கருகிப் பிளந்திருந்தது. எங்கள் வெற்றிக்கு வானம் போட்ட வெடி என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

கோப்பை இப்போது என் வீட்டில் இருக்கிறது. துடைக்கும்போதெல்லாம் பூரிப்பாகத்தான் இருக்கிறது, கருகிய பனை நினைவுக்கு வந்தாலும். அன்று பெரியப்பா கம்பெனி வாசலில் மழையில் நின்று, வெளியே வந்தவர்களைத் தலை தலையாக எண்ணினாராம். அந்த எண்ணிக்கையை அவர் மைதானத்திலேயே, குடையோடு நின்ற என்னிடமிருந்துதான் தொடங்கியிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.